சொந்தக் கதை சொல்லிப் பழக: முதல் வட்டம் கூட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்களுக்கு நடந்த ஒன்றை, கையில் தாள் இல்லாமல், நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்க, ஐந்து நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்வது. இப்படிக் கூடுவதைத்தான் வட்டம் என்கிறேன். இந்த வழிகாட்டி அதற்கு மட்டும்தான். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பேச்சுத் திறமையும் பெரிதாக வேண்டாம். கேட்பவர்கள் கூட வேலை செய்கிறவர்களாக இருக்கலாம், ஒரே கட்டடத்தில் குடியிருந்தும் பெயர் தெரியாதவர்களாக இருக்கலாம், முதியோர் இல்லத்தில் மாலையில் கூடுகிறவர்களாக இருக்கலாம். "சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா" என்பதற்கு மேல் பேச்சு நின்றுபோன ஒரு குடும்பமாகக்கூட இருக்கலாம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எனக்குச் சரியாகச் சொல்ல வருமா?" என்றுதான். நியாயமான பயம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: கேட்கிறவர்களுக்குக் கேட்கத் தெரியுமா? கேட்கத் தெரிந்த நாலு பேர் அமைந்துவிட்டால் திக்கித் திணறிச் சொன்ன கதைகூட எடுபடும். அமையாவிட்டால் நன்றாகப் பேசுகிறவரும் பாதியில் தடுமாறிப்போவார். அதனால் கேட்பதற்கான ஏற்பாட்டை முதலில் பார்ப்போம், சொல்வது அப்புறம்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

"சொன்னால் மனசு லேசாகும்" என்று எல்லாரும் சொல்கிறோம். பாதி உண்மை. மனதை உலுக்கிய சம்பவங்களை மனிதர்கள் ஏன், எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பெல்ஜிய உளவியலாளர் பெர்னார் ரிமே. அவரும் இமானுவேல் செக்கும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வருத்தமான அனுபவத்தைப் பேசியவர்கள் "பேசியது நல்லதாக இருந்தது" என்றார்கள். ஆனால் அந்த நினைவு கொடுக்கும் வலியை அளந்து பார்த்தபோது, அதைப் பற்றிப் பேசாதவர்களைவிட அவர்களுக்குக் குறைந்திருக்கவில்லை. வலி குறையாவிட்டாலும் மக்கள் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்? சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் நெருக்கம் கூடுகிறது என்பது ரிமே தரும் பதில்களில் முக்கியமானது. தனியாக இல்லை என்ற உணர்வும் நலம்தானே. அதற்குத்தான் இந்த வட்டம்.

அந்த நெருக்கம் எப்படி வளரும் என்பதற்கு 1997-ல் ஆர்தர் ஏரனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சோதனை நல்ல குறிப்பு. முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராக உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேச விட்டார்கள். சிலருக்கு மேம்போக்கான பேச்சு. மற்றவர்களுக்கு, போகப் போகச் சொந்த விஷயத்துக்குள் இறங்குகிற மாதிரி அமைத்த 36 கேள்விகள். இரண்டாவது வகையினர் ஒருவருக்கொருவர் அதிக நெருக்கமாக உணர்ந்தார்கள். அதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: இருவரும் மாறி மாறிப் பேசினார்கள், ஆழத்துக்குப் படிப்படியாகத்தான் போனார்கள். ஒருவர் மட்டும் கொட்டித் தீர்த்துவிட்டு மற்றவர் வாயே திறக்காமல் போனால் அங்கே வளர்வது நெருக்கம் இல்லை, கூச்சம்.

உதவாத இடத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விபத்திலோ பேரிடரிலோ சிக்கியவரை உடனடியாக உட்கார வைத்து, ஒரே அமர்வில் நடந்ததை எல்லாம் சொல்ல வைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2002-ல் வெளியிட்ட மதிப்பாய்வு அதனால் பலன் இருப்பதற்குச் சான்று இல்லை என்றது. சிலருக்கு அது கெடுதலாகவும் முடியக்கூடும் என்று எச்சரித்து, அதைக் கட்டாயமாக்குவதை நிறுத்தச் சொன்னது. ஆகவே யாருடைய வாயையும் பிடுங்க வேண்டாம். தூக்கம் கெடுமளவுக்கு ஒருவரை ஒரு நினைவு துரத்துகிறது என்றால் அவருக்குத் தேவை பயிற்சி பெற்ற ஆலோசகர் அல்லது மருத்துவர். கதை வட்டம் அந்த வேலையைச் செய்யாது, செய்யவும் முயலக் கூடாது.

கேட்கும் வட்டத்தை அமைப்பது

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவலஸ் தன் சகாக்களோடு செய்து 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் தான் மயிரிழையில் தப்பிய கதையைச் சொல்ல வேண்டும், எதிரில் ஒருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக ஒரு வேலை: கதையில் குறிப்பிட்ட ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை வருகின்றன என்று எண்ண வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்தபடிதான் இருந்தார்கள், காதும் திறந்துதான் இருந்தது. ஆனால் கதைக்குள் இல்லை. விளைவு, கதை சொன்னவர்கள் சொதப்பினார்கள். அதுவும் உச்சத்தில், முடிக்கிற இடத்தில். சட்டென்று முடித்தார்கள், முடித்ததையே மறுபடி சொன்னார்கள், "அது எவ்வளவு ஆபத்து தெரியுமா" என்று விளக்கவும் செய்தார்கள். சரியான இடத்தில் "உம்" கொட்டுவதும், "ஐயையோ" என்று முகம் மாறுவதும் எவ்வளவு பெரிய வேலை என்பது இதிலிருந்து தெரியும். ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு கேட்கிறவரின் எதிரில் உட்கார்ந்து கதை சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஆய்வு தேவையில்லை.

ஏற்பாடு எளிது. நாலு பேர் முதல் எட்டுப் பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் கடைசியில் சொல்பவருக்குக் களைத்துப்போன முகங்கள்தான் மிஞ்சும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், நடுவில் மேசை வேண்டாம். போன்கள் வேறு அறையில். ஒருவர் நேரம் பார்க்க வேண்டும்: நாலாவது நிமிடம் முடியும்போது கையைத் தூக்கிக் காட்டுவார், ஐந்து முடிந்தால் மெதுவாக மணியடிப்பார். நேரக் கட்டுப்பாடு கடுமையாகத் தோன்றும், ஆனால் அதுதான் கூச்ச சுபாவம் உள்ளவரைக் காப்பாற்றுகிறது. "ஐந்தே நிமிடம்தானே" என்ற தைரியம் அவருக்கு வரும். வாயாடிகளிடமிருந்து மற்றவர்களையும் காப்பாற்றும்.

தொடங்கும் முன்பு விதிகளைச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள், எல்லாரும் தலையாட்டட்டும். கதை நடக்கும்போது குறுக்கே கேள்வி இல்லை. முடிந்ததும் அறிவுரை இல்லை: "நீங்கள் அப்போதே இப்படிச் செய்திருக்கலாமே" என்ற ஒரு வரி போதும், அடுத்து யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "எனக்கும் இதே மாதிரிதான்" என்று அடுத்தவர் கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் இல்லை. ஆசையாக இருந்தால் அவருடைய முறை வரும்போது சொல்லட்டும். சொல்ல விருப்பமில்லாதவர் "நான் இன்று கேட்கிறேன்" என்று சொல்லி விட்டுக்கொடுக்கலாம், காரணம் கேட்கக் கூடாது. இங்கே கேட்டது இங்கேயே இருக்கும். அலுவலகத்தில் நடத்துவதானால் இந்தக் கடைசி விதிக்கு இன்னும் அழுத்தம் தேவை. மேலதிகாரி உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் யார் எதைச் சொல்வார்கள்? முதல் சில கூட்டங்களுக்கு ஒரே நிலையில் இருப்பவர்களை மட்டும் சேர்ப்பது நல்லது.

அறிவுரையும் கூடாது, கேள்வியும் கூடாது என்றால் கதை முடிந்ததும் என்னதான் செய்வது? நாலைந்து மூச்சு நேரம் சும்மா இருங்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் மனதில் நின்ற ஒரு காட்சியை மட்டும் ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். "பேருந்துப் படியில் அந்தப் பை உருண்டது என் கண்ணிலேயே நிற்கிறது." அவ்வளவுதான். பாராட்டைவிட இது பெரியது, ஏனென்றால் பாராட்டைக் கேட்காமலேயே சொல்லிவிடலாம். காட்சியைத் திருப்பிச் சொல்ல வேண்டுமானால் கேட்டிருக்க வேண்டும்.

முதல் கதையைக் கூட்டுகிறவரே சொல்ல வேண்டும். அந்தக் கதை எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவுதான் மற்றவர்களும் போவார்கள். வெறும் நகைச்சுவைத் துணுக்கைச் சொன்னால் எல்லாரும் துணுக்கு சொல்வார்கள். வாழ்க்கையின் பெரிய துக்கத்தை எடுத்தவுடன் வைத்தால், அடுத்தவர் தன்னிடம் இருக்கும் சின்னக் கதையைச் சொல்ல வெட்கப்படுவார். நடுத்தரமான ஒன்று, கொஞ்சம் அசடு வழிந்த சம்பவமாக இருந்தால் இன்னும் நல்லது.

எந்தக் கதையைச் சொல்வது

சொந்தக் கதை என்றாலே சோகக் கதை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. "எனக்கு அப்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லையே" என்று பலர் ஒதுங்குவது இதனால்தான். பெரிதாக நடக்க வேண்டியதில்லை. ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும், அவ்வளவே. ஒருவரைப் பற்றிய எண்ணம் மாறியிருக்கலாம், ஒரு பயம் விட்டுப் போயிருக்கலாம், ஒரு நட்பு முறிந்திருக்கலாம். சுற்றுலாப் போனோம், நன்றாக இருந்தது, திரும்பினோம் என்பது செய்தி. போன இடத்தில் அண்ணனோடு பேசாமல் இருந்த சண்டை முடிந்தது என்றால் அது கதை.

நினைவைக் கிளற, "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" மாதிரியான அகலக் கேள்விகள் பயன்படாது. குறுகலாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உதவி கேட்க வெட்கப்பட்ட ஒரு நாள். தப்பாக எடைபோட்ட ஒரு மனிதர். தொலைத்துவிட்டுத் தேடிய ஒரு பொருள். மாட்டிக்கொண்ட ஒரு பொய். ஒரு வேலையின் முதல் நாள், அல்லது கடைசி நாள். தலைப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வருகிறவர்கள் இரண்டு நாள் மனதில் ஊறப்போட்டுக்கொண்டு வருவார்கள்.

எது இன்னும் சொல்லக் கூடாத கதை என்பதற்கு ஒரு சோதனை. நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகச் சொல்லிப் பாருங்கள். குரல் தழுதழுத்தால் பரவாயில்லை, கண் கலங்கினாலும் பரவாயில்லை. ஆனால் கேட்பவர் கதையை விட்டுவிட்டு உங்களைத் தேற்ற எழுந்து வர வேண்டியதாகிவிட்டால், அதை வட்டத்துக்குக் கொண்டுவரக் காலம் ஆகவில்லை. வேறொன்றை எடுங்கள். கதைகளுக்கா பஞ்சம்?

கதையைக் கட்டுவது

ஒருவர் தன் அனுபவத்தை இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வேலைக்காகப் புது இடத்துக்குப் போன புதிதில் ரொம்பத் தனிமையாக இருந்தது. அப்புறம் எதிர்வீட்டு அம்மா ஒருவர் பழக்கமானார். மனிதர்களை நம்பலாம் என்று கற்றுக்கொண்டேன்." ஒரு குறையும் இல்லை, ஆனால் எதுவும் ஒட்டவில்லை. அதையே காட்சியாகச் சொன்னால்:

"ராத்திரி பத்து மணி. குப்பையை வெளியே வைக்கப் போனேன். பின்னால் டப்பென்று ஒரு சத்தம். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே, போன் உள்ளே, காலில் செருப்புகூட இல்லை. மூன்று மாதமாக அந்த மாடியில் இருக்கிறேன், எதிர்வீட்டுக் கதவில் இருக்கும் பெயரைப் படித்ததே இல்லை. அன்றைக்குத்தான் படித்தேன். மணியை அழுத்தக் கையைத் தூக்கினேன். இறக்கிவிட்டேன். மறுபடி தூக்கினேன்."

தனிமை என்ற சொல் இதில் எங்கும் இல்லை. தூக்கி இறக்கிய கை அதைச் சொல்லிவிடுகிறது. கேட்பவருக்குத் தன் கால் தரையில் ஜில்லென்று படுவதுபோல இருக்கும். உணர்ச்சிக்குப் பெயர் சூட்டாமல், அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்தது, கண் எதைப் பார்த்தது என்று சொன்னால் போதும், மீதியைக் கேட்பவர் பார்த்துக்கொள்வார்.

கட்டுவதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை: அப்போது எனக்கு என்ன வேண்டியிருந்தது? எது தடுத்தது? எந்த நொடியில் நிலைமை திரும்பியது? அந்தத் திரும்பிய நொடியை முதலில் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போய், அது புரிவதற்கு எது அவசியமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். எந்த நிறுவனத்தில் வேலை, வாடகை எவ்வளவு, வீடு எப்படிக் கிடைத்தது, எதுவும் வேண்டாம். மூன்று மாதம் என்பது மட்டும் வேண்டும், ஏனென்றால் முடிவு அதில்தான் தொங்குகிறது: கதவைத் திறந்த அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூணு மாசமா நீங்க எப்ப மணி அடிப்பீங்கன்னுதான் இருக்கேன், உள்ள வாங்க" என்கிறார்.

அங்கே நிறுத்திவிடுங்கள். இதுதான் புதியவர்களுக்கு மிகக் கடினம். "இதிலிருந்து நான் கற்றது என்னவென்றால்" என்று தொடங்க நாக்கு துடிக்கும். கேட்பவரை நம்புங்கள்.

இப்படிச் சொல்லும்போது கேட்பவருக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஊரி ஹாசன் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பெண் ஒத்திகை இல்லாமல் தன் அனுபவத்தைச் சொன்னபோது அவருடைய மூளையின் செயல்பாட்டைப் பதிவு செய்து, அதே கதையைக் கேட்டவர்களின் மூளைச் செயல்பாட்டோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் பல பகுதிகளில் ஒத்துப்போயின. நன்றாகப் புரிந்துகொண்டவர்களிடம் அந்த ஒற்றுமை அதிகம், தெரியாத மொழியில் கதை கேட்டவர்களிடம் அது இல்லை. இதை வைத்துக்கொண்டு "கதை இரண்டு மூளைகளை ஒன்றாக்கிவிடும்" என்று பயிற்சி வகுப்புகளில் அளந்து விடுகிறார்கள். அந்த ஆய்வு காட்டியது புரிதலைத்தான், பாசத்தை அல்ல. புரிதலே பெரிய விஷயம் என்பது என் கட்சி.

ஒத்திகை

எழுதாதீர்கள். எழுதினால் எழுத்து நடை வந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதை மனப்பாடம் செய்யத் தோன்றும், ஒரு வரி மறந்தால் எல்லாம் போயிற்று. நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காட்சிகளின் வரிசை மனதில் இருந்தால் போதும்: கதவு, பெயர்ப் பலகை, கை, அந்த அம்மா. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கத் தெரியாதவர் "வந்து... அது எப்படின்னா..." என்று ஒரு நிமிடம் சுற்றுவார். முடிக்கத் தெரியாதவர் மூன்று தடவை முடிப்பார்.

போனில் ஒரு தடவை பதிவு செய்து நேரத்தை மட்டும் பாருங்கள். சொந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குமே பிடிக்காமல் போய்விடும்.

கதையில் வரும் மற்றவர்கள்

உங்கள் கதை உங்களுடையது, ஆனால் அதில் வரும் தங்கையின் விவாகரத்து தங்கையுடையது. அடுத்தவரின் நோய், கடன், காதல் இவையெல்லாம் கதையில் வந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்க முடியாவிட்டால் பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிடுங்கள், அல்லது அந்தக் கதையையே விட்டுவிடுங்கள். யாரையாவது பழி தீர்க்க எடுத்த கதை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும், கேட்பவர்கள் எதிர்த்தரப்பை மனதுக்குள் நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

உண்மை என்றால் எவ்வளவு உண்மை? நினைவு படம் பிடித்து வைப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுகிறது. உரையாடலின் சொற்கள் முன்பின் மாறலாம். நடக்காததைச் சேர்ப்பது வேறு, அதைச் செய்யாதீர்கள். சந்தேகமான இடத்தில் "எனக்கு ஞாபகம் இருக்கிறபடி" என்று சொன்னால் யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை.

வட்டம் ஒத்துவராதவர்களுக்கு

எல்லாருக்கும் வட்டம் பொருந்தாது. இருவராக உட்கார்ந்து பேச விரும்புகிறவர்கள் ஸ்டோரிகார்ப்ஸ் முறையைப் பின்பற்றலாம். இது வானொலித் தயாரிப்பாளர் டேவ் ஐசே 2003-ல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையோடு தொடங்கியது. நெருக்கமான இருவர் உள்ளே போய் நாற்பது நிமிடம் ஒருவரையொருவர் பேட்டி காண்பார்கள், பதிவு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேமிக்கப்படும். வீட்டில் இதைச் செய்ய ஒரு போனும் மூடிய கதவும் போதும். வயதான பெற்றோரோடு தொடங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முதியவர்கள் பழைய கதை பேசுவதைத் தளர்ச்சியின் அறிகுறியாகப் பார்த்த காலத்தில், 1963-ல் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சீர்படுத்திக்கொள்ளும் இயல்பான வேலை என்று எழுதினார். அவர்கள் ஒரே கதையைத் திரும்பச் சொன்னால் "இதைத்தான் போன வாரமே சொன்னீர்களே" என்று நிறுத்தாமல், "அப்போது கூட யார் இருந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். புதுக் கதவு ஒன்று திறக்கும்.

கூட்டத்தின் முன் நின்று சொல்லும் ஆசை வந்துவிட்டவர்களுக்குத் தி மாத் மாதிரியான நிகழ்ச்சிகள் உண்டு. நாவலாசிரியர் ஜார்ஜ் டாஸ் கிரீன் 1997-ல் நியூயார்க்கில் தொடங்கியது. அதன் போட்டி இரவுகளில் ஐந்து நிமிடம்தான், குறிப்புத்தாள் கூடாது, கதை சொல்பவருக்கே நடந்ததாக இருக்க வேண்டும். நல்ல நிகழ்ச்சிதான், ஆனால் மதிப்பெண் போடும் இடத்தில் தொடங்காதீர்கள் என்பேன். தப்பெண்ணங்களைக் கலைப்பதுதான் நோக்கம் என்றால் மனித நூலகம் இருக்கிறது: 2000-ல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட விழாவில் தொடங்கிய இதில் மனிதர்கள்தான் புத்தகங்கள், வாசகர் ஒருவரை 'இரவல்' எடுத்து உட்கார்ந்து பேசுவார். வட்டத்தைப் போல் இல்லாமல் இதில் கேள்வி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

சொல்கிறவர் உடைந்துவிட்டால், யாருமே பேசாவிட்டால்

ஒருவர் நடுவில் அழத் தொடங்கினால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளாதீர்கள், தண்ணீரை நீட்டாதீர்கள். "நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடரலாம், நிறுத்தவும் செய்யலாம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலும் தொடர்வார். நிறுத்திவிட்டால் நன்றி சொல்லிவிட்டு ஒரு சின்ன இடைவேளை விடுங்கள், அடுத்த கதைக்கு உடனே தாவ வேண்டாம். மறுநாள் அவரிடம் ஒரு தடவை போனில் பேசிவிடுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும், கதையைப் பற்றி அவராக எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்க வேண்டாம்.

யாரும் பேச முன்வராவிட்டால் நூறு வரை எண்ணும் அளவுக்குப் பொறுத்துப் பாருங்கள், முக்கால்வாசி யாராவது தொண்டையைச் செருமுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் இருவர் இருவராகப் பிரித்து ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுங்கள், பிறகு வட்டத்துக்குத் திரும்பலாம்.

கலைவதற்கு முன் அடுத்த தேதியையும் தலைப்பையும் முடிவு செய்துவிடுங்கள், "பார்க்கலாம்" என்று விட்டால் அது நடக்காது. மாதம் ஒரு தடவை போதும். இடத்தைக் கேட்டு வாங்கும்போது அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வையுங்கள். கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே பேசுகிற பேச்சை யாராலும் சீக்கிரம் நிறுத்த முடியாது.